தேனிலவுக்கு ‘ஈக்கோ’ கபானா: எதைப் பார்த்து நம்புவது?

கேள்வி: வைகாசிக் கோயில் சடங்கு முடிந்ததும் ஆனியில் எங்களுக்குக் கலியாணம். நான் களுவாஞ்சிக்குடி. அவர் அக்கரைப்பற்றில் வேலை செய்கிறார். மூன்று இரவு, நான்கு பகல்தான் லீவு. வெளிநாடு வேண்டாம், இலங்கையின் கிழக்குக் கரையில் எங்கள் பக்கத்திலேயே தங்குவோம் என்று இருவரும் முடிவெடுத்துவிட்டோம். பாசிக்குடாவில் பெரிய ஹோட்டல் ஒன்றை எடுத்துத் தருவதாக மாமா சொல்கிறார், எனக்குத்தான் மனம் வரவில்லை. அறுகம்குடாப் பக்கம் ‘ஈக்கோ’ (சுற்றாடலுக்கு உகந்தது) என்று போர்டு போட்ட கபானாக்கள், அதாவது கடற்கரைக் குடில்கள், நிறைய இருக்கின்றன. எது உண்மை, எது விளம்பரம் என்று தெரியவில்லை. கடலுக்கும் ஊருக்கும் கெடுதல் செய்யாமல், நாங்களும் சந்தோஷமாக இருந்துவிட்டு வர எப்படி இடம் தேடுவது?

பதில்: தங்கச்சி, உங்கள் இருவருக்கும் என் வாழ்த்துகள். தங்குமிடங்களின் சுற்றாடல் தரத்தைச் சோதித்து அறிக்கை எழுதுவதுதான் என் தொழில். கலியாணச் சாமான் பட்டியலுக்கு நடுவில் இப்படி ஒரு கேள்வி உங்களுக்குத் தோன்றியதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

பெரிய ஹோட்டல் என்றால் கெட்டது, ஓலைக் கூரை போட்ட கபானா என்றால் நல்லது என்ற கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். மூங்கிலும் கிடுகும் கண்ணுக்கு அழகு. அவற்றை வைத்து ஓர் இடத்தின் குணத்தைச் சொல்ல முடியாது. நான் ஓர் இடத்துக்குள் நுழைந்ததும் வரவேற்பறையில் உட்கார மாட்டேன், பின்பக்கம் போவேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது, குப்பையை யார் எடுக்கிறார்கள், சம்பளம் யார் வீட்டுக்குப் போகிறது என்ற விஷயங்கள் அங்கேதான் தெரியும்.

இதில் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கல்லடியில் தொடங்கி கல்முனை வரைக்கும் நம் எழுவான்கரை ஒரு நீண்ட மணல்மேடு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மாரி மழை மணலுக்குள் இறங்கி, உள்ளே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே நல்ல தண்ணீராக மிதந்து நிற்கிறது. நாம் கிணற்றில் அள்ளுவது அதைத்தான். கரையோர நிலத்தடி நீருக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரைக்கும் நல்ல தண்ணீர் இருக்கும். திருப்பிப் பார்த்தால் பயம் வரும்: மோட்டர் போட்டு இறைத்து மேலே ஓரடி இறங்கிவிட்டால், கீழிருந்து உப்பு 40 அடி மேலே ஏறப் பார்க்கும். வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் சில கிணறுகளில் தண்ணீர் உவர்க்கத் தொடங்குவதை உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள்.

இப்போது நீச்சல் தடாகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 10 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலம், ஒன்றரை மீற்றர் ஆழம் என்றால் அது பெரிய தடாகமே இல்லை. அதை ஒருமுறை நிரப்ப 75,000 லீற்றர் வேண்டும். ஆனி மாத வெயிலுக்கும் காற்றுக்கும் அது ஒவ்வொரு நாளும் வற்றும், ஒவ்வொரு நாளும் ஊற்ற வேண்டும். ஐம்பது மீற்றர் தள்ளிக் கடல் இருக்கும்போது மணலுக்குள் இருக்கும் நல்ல தண்ணீரை இறைத்துத் தடாகத்தில் விடும் இடத்துக்கு, போர்டில் என்ன எழுதியிருந்தாலும், நான் நல்ல மதிப்பெண் போட மாட்டேன். குழாய்த் தண்ணீரா, கிணறா, பவுசரில் வாங்குகிறார்களா என்று கேளுங்கள். பதில் தெரிந்த முதலாளி உடனே சொல்வார்.

அழுக்குத் தண்ணீர் போகும் வழி இதைவிட முக்கியம். மணல் எதையும் பிடித்து வைக்காது. மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் ஆகக் குறைந்தது 50 அடி இருக்க வேண்டும் என்று ஊர்களில் சொல்வார்கள். ஆனால் ஒடுங்கிய ஒரு காணித்துண்டில் பத்துக் கபானா கட்டினால் அந்த 50 அடிக்கு எங்கே போவது? அடி கட்டாத குழிக்குள் போவதெல்லாம் மணல் வழியே பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும், வாவிக்கும், கடலுக்கும் போய்ச் சேரும். வெளியே தென்னோலை வேலி, உள்ளே மண் விளக்கு, பின்னால் இப்படி ஒரு குழி என்று இருக்கும் இடங்கள் நம் கரையில் உண்டு. அதேவேளை சுத்திகரிப்புத் தொகுதி ஒழுங்காக வேலை செய்யும் பெரிய ஹோட்டல்களும் உண்டு. கழிவு நீரைச் சுத்தம் செய்து தோட்டத்துக்கு விடுகிறார்கள், அதைக் காட்டச் சொன்னால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள். அந்த ஒரு விஷயத்தில் பெரிய ஹோட்டல் சிறிய கபானாவை வெல்லும். இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆகவே ஐந்தாறு அறைக்கு மேல் இல்லாத, அடி கட்டிய செப்டிக் டாங்க் வைத்து, நிரம்பினால் கலி பவுசரை (கழிவை உறிஞ்சி எடுக்கும் வண்டி) கூப்பிட்டு இறைக்கும் ஒரு குடும்பத்தின் விருந்தினர் விடுதி கிடைத்தால் அதுவே உங்களுக்குப் பொருத்தம்.

குப்பை விஷயம் கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும். அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காடு என்ற இடத்துக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று 8 ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் செத்தன என்று 2022 தொடக்கத்தில் செய்தி வந்தது. வயிற்றுக்குள்ளே பொலித்தீனும், சாப்பாடு சுற்றும் உறையும், தண்ணீர்ப் போத்தலும். அவை யானைக்குக் காட்டில் கிடைத்தவை இல்லை, நம் கைகளில் இருந்து போனவை. ஆகவே ஒரு தங்குமிடத்தில் கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் நிரப்பித் தருகிறார்களா, சோற்று மிச்சத்தை என்ன செய்கிறார்கள், பிளாஸ்டிக்கைப் பின்வளவில் எரிக்கிறார்களா என்று கேட்பது நியாயமான கேள்வி. இன்னொன்றும் பாருங்கள். பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாய், ஒருமுறை பாவிக்கும் கோப்பை, தட்டு, பிளாஸ்டிக் பூமாலை, பிளாஸ்டிக் இடியப்பத் தட்டு இவற்றுக்கெல்லாம் 2023 ஒக்டோபரில் நம் நாட்டில் தடை வந்துவிட்டது. காலையில் இடியப்பம் அவித்து எடுக்கும்போது பின்னிய ஓலைத் தட்டா, பழைய பிளாஸ்டிக் தட்டா என்று குசினிப் பக்கம் எட்டிப் பாருங்கள். சட்டத்தைச் சின்ன விஷயத்தில் மதிக்கும் வீடு பெரிய விஷயத்திலும் மதிக்கும் என்பது என் அனுபவம்.

பத்திரங்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டோடு அறை கொடுக்கும் ‘ஹோம்ஸ்டே’க்கும் அந்தப் பதிவு உண்டு. கொஞ்சம் பெரிய இடமென்றால் சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் கேட்கலாம். கிரீன் குளோப், டிராவலைஃப் போன்ற சான்றிதழ்கள் உண்மையானவை, ஆனால் காசு கட்டி எடுப்பவை. நான்கு அறை வைத்திருக்கும் ஒரு அக்காவுக்கு அது எட்டாது. அவரிடம் சான்றிதழ் இல்லை என்பது குறை இல்லை. சான்றிதழ் எதுவும் இல்லாமல், பெயரில் மட்டும் ‘ஈக்கோ’ சேர்த்து விலையைக் கூட்டிய இடத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

இனிக் கரை. கரைவலை இழுப்பதை நீங்கள் சின்ன வயசிலிருந்து பார்த்திருப்பீர்கள். வலையைக் கடலில் வளைத்து விட்டு, இரண்டு தலைப்பையும் கரையில் ஆட்கள் நின்று இழுத்து வரும்போது, அந்த ஆட்கள் நெருங்கி வர நீளமான, தடையில்லாத மணல் வேண்டும். நடுவில் ஒரு மதில், ஒரு சாய்வு நாற்காலி வரிசை, காவலாளி ஒருவர் வந்தால் அந்த வலைப்பாடு போச்சு. போருக்குப் பிறகு நம் கரைகளில் ஹோட்டல்கள் வந்தபோது வாடியும் (மீனவர் குடிசை) வள்ளமும் வைக்க இடம் சுருங்கியதைப் பல மீனவக் குடும்பங்கள் இன்றும் சொல்கின்றன. கடற்கரை யாருக்கும் சொந்தமில்லை, எல்லோரும் நடக்கலாம். உங்கள் தங்குமிடத்துக்கு முன்னால் இன்றும் வள்ளம் ஏற்றி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். விளம்பரப் படத்தில் வள்ளம் ஒன்று கிடந்தால், அது அலங்காரத்துக்குக் கிடக்கிறதா, தொழிலுக்குக் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

மனிதர்கள் விஷயத்தில் எனக்குக் கோபம் வரும் ஒன்று உண்டு. சுற்றுலா வளர்ந்த நம் கரைகளில் சில இடங்கள் உள்ளூர் ஆட்களுக்கு அறை கொடுக்கத் தயங்குகின்றன. தமிழில் பேசினால் “இடமில்லை” என்பார்கள், ஆங்கிலத்தில் பேசினால் இடம் இருக்கும். ஊருக்குப் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டு ஊராரை வாசலில் நிறுத்தும் இடத்துக்கு உங்கள் காசு போக வேண்டாம். அதனால் முதல் அழைப்பைத் தமிழிலேயே எடுங்கள். குரல் மாறுகிறதா என்று கவனியுங்கள். புதுச் சோடி என்றதும் கேள்வி கேட்டுக் கூசவைக்கும் இடங்களும் உண்டு. இருவரின் அடையாள அட்டையும் விவாகப் பதிவின் பிரதியும் பையில் இருக்கட்டும். அவற்றைக் கேட்பது தப்பில்லை, கேட்கும் விதத்தில்தான் மரியாதை இருக்கிறது.

முன்பதிவுத் தளம் வழியாகப் போட்டால் பொதுவாக 15 வீதமும் அதற்கு மேலும் தரகாகக் கழியும். நேரே ஃபோன் எடுத்துப் பதிந்தால் அந்தக் காசு வீட்டுக்காரரிடம் நிற்கும். அதற்காக விலையை அடித்துப் பேச வேண்டாம். நியாயமான விலை சொன்னால் கொடுங்கள். பேசும்போது இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “அக்கா, சமைக்கிறது ஆர்? மீன் எங்க வாங்குறீங்க? வேலை செய்யிற பிள்ளையள் எந்த ஊர்?” மூன்று கேள்விதான். “நானும் என்ட தங்கச்சியும் சமைப்பம், மீன் விடிய இறங்கும்போது கரையிலயே எடுப்பம், இண்டைக்கு என்ன மீன் எண்டு இப்ப சொல்லேலாது” என்று பதில் வந்தால் அங்கே போகலாம். ஆண்டு முழுக்க ஒரே பட்டியல், எப்போது கேட்டாலும் சிங்கி இறால் உண்டு என்று சொல்லும் இடத்தில் கொஞ்சம் யோசியுங்கள். முட்டை வைத்த சிங்கி இறாலைப் பிடிப்பதே சட்டப்படி குற்றம்.

இனி உங்கள் நான்கு நாளுக்கு என் யோசனை. ஆனியில் கடல் நம் பக்கம் அமைதி, ஆனால் பகலில் கச்சான் காற்று நெருப்பாக அடிக்கும். ஏசி போடக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். உயரமான கூரை, எதிரெதிரே யன்னல், வளவில் மரநிழல் உள்ள அறை எடுத்தால் பகலில் காற்றாடி போதும், ஏசி இரவில் கொஞ்ச நேரத்துக்குத்தான் தேவைப்படும். முழுக்கக் கண்ணாடி போட்ட கடற்கரை அறையில் நாள் முழுக்க அதை நிறுத்தவே முடியாது. அதே மாதத்தில் அறுகம்குடாவில் அலைச்சறுக்கு உச்சம், அறை விலையும் உச்சம், இரவில் சத்தம். புதுச் சோடிக்கு அமைதி வேண்டுமென்றால் அந்தப் பிரதான வீதியில் தங்காதீர்கள். பொத்துவில் ஊர்ப்பக்கமோ, இன்னும் தெற்கே பாணமையோ பாருங்கள். பாணமையில் தமிழரும் சிங்களவரும் கலந்து உறவாகிப்போன குடும்பங்கள் வாழ்கின்றன. அந்த ஊரில் இரண்டு நாள் இருப்பதே வேறு அனுபவம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் இரவை வாவிக்கரையில் வைப்பேன். தூரம் போக வேண்டியதில்லை. குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறி மண்டூர் முருகனைக் கும்பிட்டுவிட்டு, வாவிக்கு மேற்கே படுவான்கரை வயலோரமாகச் சுற்றி, கொக்கட்டிச்சோலை பார்த்து, பொழுதுபட மட்டக்களப்புக்கு வரலாம். பௌர்ணமியை ஒட்டிய இரவென்றால் கல்லடிப் பாலத்தடியில் தோணிக்காரர் ஒருவரைப் பிடியுங்கள். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியைக் காதில் வைத்தால், பாடும் மீன் என்று நம் ஆட்கள் சொல்லும் அந்த ஓசை கேட்கும். சித்திரையில் இருந்து புரட்டாதி வரைக்கும்தான் நன்றாகக் கேட்கும் என்பார்கள், உங்களுக்கு மாதம் பொருந்தி வருகிறது. என்ஜின் படகு இதற்கு உதவாது. கையால் வலிக்கும் தோணிதான் வேண்டும், டீசலும் மிச்சம்.

அடுத்த இரண்டு இரவையும் ஒரே இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு நாளும் அறை மாற்றினால் ஒவ்வொரு நாளும் விரிப்பும் துவாயும் கழுவ வேண்டும், நீங்களும் களைத்துப் போவீர்கள். பொத்துவில் களப்பில் மீனவர்களே வலித்துக் கூட்டிப்போகும் தோணிச் சவாரி உண்டு. விடியற்காலையில் போனால் கண்டல் காட்டுக்குள் பறவை, முதலை, சிலவேளை கரையில் யானையும் பார்க்கலாம். குமணையில் சித்திரை முதல் ஆடி வரைக்கும் நீர்ப்பறவைகள் கூடு கட்டும் காலம். ஜீப் எடுத்தால், “யானைக்குக் கிட்டப் போக வேண்டாம், ஓரிடத்தில் என்ஜினை நிறுத்திப் பார்ப்போம்” என்று ஏறும் முன்பே சாரதியிடம் சொல்லிவிடுங்கள். நாம் கேட்காவிட்டால் அவர், கிட்டக் கொண்டு போனால்தான் சந்தோஷப்படுவோம் என்று நினைப்பார். உங்கள் திகதி கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டி வந்தால் உகந்தையில் காட்டுப்பாதை திறந்து பாத யாத்திரை போகும் அடியார் கூட்டம் இருக்கும். அந்த நாட்களில் அந்த வழிக்குப் போவதென்றால் சாமி கும்பிடப் போங்கள், ஊர் பார்க்கும் அவசரத்தோடு போகாதீர்கள். லகுகலைக் குளமும் பக்கம்தான், அங்கேயும் வீதியோரத்தில் யானைக்குப் பழம் நீட்டுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அப்படிப் பழகிய யானைதான் பிறகு வாகனத்தை மறிக்கும்.

கடலில் இறங்கும்போது முருகைக்கல்லில் (பவளப்பாறை) மிதிக்காதீர்கள். அது உயிர். 1998இல் கடல் சூடாகி நம் கரையில் முருகைக்கல் வெளிறிச் செத்தது. மீண்டு வருவதை ஒரு காலடி உடைத்துவிடும். வெயிலுக்குக் கிறீம் பூசிக்கொண்டு இறங்குவதைவிட நீளக் கையுள்ள நீச்சல் சட்டை நல்லது. ஒக்சிபென்சோன் கலந்த கிறீம்கள் முருகைக்கல்லுக்குக் கேடு. பொத்துவிலுக்குத் தெற்கே இரவில் ஆமை கரையேறும். ரோர்ச் அடிக்கவும் ஃபோன் வெளிச்சம் காட்டவும் வேண்டாம், தள்ளி நின்று பாருங்கள். கடலைப் பார்த்துப் பெரிய விளக்குப் போடும் தங்குமிடத்தில், இரவில் அதை அணைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

‘ஹனிமூன் அலங்காரம்’ என்று பலூனும் தெர்மாக்கோல் இதயமும் வைப்பார்கள். முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு சரம் மல்லிகையும் சட்டித் தயிரும் தேனும் கேளுங்கள். வீட்டாருக்கு அன்பளிப்புத் தேடினால் வரும் வழியில் மருதமுனையில் கைத்தறிச் சாரமோ சேலையோ நெய்கிறவரிடமே வாங்குங்கள்.

மாமாவைப் பற்றி. அவர் பாசத்தில் சொல்கிறார், “வேண்டாம்” என்று முகத்தில் அடிக்காதீர்கள். அந்த ஹோட்டலுக்கு அவரையே ஃபோன் எடுக்கச் சொல்லுங்கள். கழிவு நீர் எங்கே போகிறது, தடாகத்துக்கு எந்தத் தண்ணீர், வேலைக்காரரில் எத்தனை பேர் வாழைச்சேனை, கல்குடாப் பக்கம் என்று கேட்கட்டும். நன்றாகப் பதில் சொன்னால், பொத்துவிலுக்குப் பதிலாக அடுத்த இரண்டு இரவையும் அங்கே வைத்துக்கொண்டு மனநிறைவோடு இருந்துவிட்டு வாருங்கள். விரிப்பைத் தினமும் மாற்ற வேண்டாம் என்று சொல்லி, பஃபே இரவைத் தவிர்த்து ஒரு வேளை வாழைச்சேனைக் கடையில் சாப்பிடுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், அதே காசில் பாதியை வாவிக்கரை வீட்டுக்கும் பொத்துவில் வீட்டுக்கும் முற்பணமாகக் கட்டித் தரும்படி கேளுங்கள். பரிசு அவருடையதாகவே இருக்கும். ஆனியில் நல்ல சிறிய இடங்கள் சீக்கிரம் நிரம்பும், போயா (பௌர்ணமி) விடுமுறையை ஒட்டிய நாட்கள் இன்னும் சீக்கிரம். முகூர்த்த நாள் முடிவானதும் அந்த வாரத்திலேயே அழையுங்கள். இரவு ஏழு மணிக்குப் பிறகு எடுக்காதீர்கள், அது அவர்கள் சமைக்கும் நேரம். மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகு எடுத்தால் ஆறுதலாகப் பேசுவார்கள்.